பல் டாக்டர் வாங்கும் பணம் எங்கே போகிறது? காலி நாற்காலிக்கும் கூலி உண்டு!

இரவு 11 மணி. புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையம். வரிசையாக லாரிகள் நிற்கின்றன. டிரைவர்கள் தூங்குகிறார்கள். ஒருவர் மட்டும் தூங்கவில்லை. கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பு வைத்துப் பார்த்தார். உப்புத் தண்ணீர் கொப்புளித்தார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார். வலி போகவில்லை.

பொழுது விடிந்ததும் பல் டாக்டரிடம் ஓடுகிறார். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார். "வேர் வரை சொத்தை போய்விட்டது. வேர் சிகிச்சை செய்து, மேலே உறை போடவேண்டும்" என்கிறார். செலவு ஆயிரக் கணக்கில்!

"என்னது? ஒரு பல்லுக்கா இவ்வளவு?"

இந்தக் கேள்வி மேட்டுப்பாளையத்தில் மட்டும் கேட்பது அல்ல. பல் ஆஸ்பத்திரி இருக்கும் எல்லா ஊரிலும் கேட்பதுதான். கேட்பவர் மேல் தவறு இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் அவர். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டாக்டருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் நோயாளிக்குத்தான் லாபம்.

எந்த மேட்டுப்பாளையம்?

மேட்டுப்பாளையம் என்றதும் பலருக்கு நீலகிரி மலை ரெயில் நினைவுக்கு வரும். இது அந்த ஊர் அல்ல. புதுச்சேரி நகரை ஒட்டிய மேட்டுப்பாளையம். இங்கே 'பிப்டிக்' நிறுவனத்தின் தொழிற்பேட்டை இருக்கிறது. தொழிற்சாலைகள், பட்டறைகள், கிடங்குகள். பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று வேலை. டீயும் பன்னும் சாப்பிட்டுப் பசியை அடக்குபவர்கள் நிறைய. தூக்கம் வராமலிருக்கப் புகையிலையை வாயில் அடக்குபவர்களும் உண்டு.

சர்க்கரை, புகையிலை, நேரமின்மை. பல்லுக்கு இந்த மூன்றுமே பகை!

நோயாளி வராத டாக்டர்

பல் டாக்டரின் கணக்கைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவில் நடந்த ஓர் உண்மைக் கதை உதவும்.

பார்க்கர் என்பவர் கனடா நாட்டுக்காரர். 1892-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். சொந்த ஊர் திரும்பி, பலகை மாட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாரங்கள் ஓடின. நோயாளி யாரும் வரவில்லை! டாக்டர்கள் விளம்பரம் செய்வது மரியாதை அல்ல என்று படிக்கும்போது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மரியாதை இருந்தது. வருமானம் இல்லை.

பார்க்கர் ஒரு முடிவுக்கு வந்தார். தெருவில் இறங்கினார். பாண்டு வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார். "வலி இல்லாமல் பல் பிடுங்குவேன், வலித்தால் நான் பணம் தருகிறேன்" என்று கூவினார். சர்க்கஸ்காரர் ஒருவரையே மானேஜராக வைத்துக்கொண்டார். ஒரே நாளில் 357 பற்களைப் பிடுங்கியதாகச் சொல்லி, அவற்றை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்! 'வலியில்லா' என்ற விளம்பர வார்த்தைக்குத் தடை வந்தபோது, 1915-ல் தம் பெயரையே சட்டப்படி 'வலியில்லா பார்க்கர்' என்று மாற்றிக்கொண்டார்! பிற்காலத்தில் அவருக்குச் சுமார் 30 பல் மருத்துவ நிலையங்கள் இருந்தன. அந்தப் பல் மாலையை பிலடெல்பியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகம் இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறது.

கதை சிரிப்பாக இருக்கலாம். அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. படித்துப் பட்டம் பெற்ற ஒருவரை வித்தைக்காரர் ஆக்கியது எது? அந்தக் காலி நாற்காலிதான்.

பாரிஸ் பாலத்தில் பல் பிடுங்கியவர்

பார்க்கருக்கு முன்பே இந்த வித்தை இருந்தது. பிரெஞ்சு நாட்டின் தலைநகரான பாரிசில், பாலத்தின் மேல் கூட்டம் கூட்டிப் பல் பிடுங்குவார்கள். 'பெரிய தாமஸ்' என்ற பெயரில் ஒருவர் அங்கே மிகவும் பிரசித்தம்.

அதே பாரிசில் பியேர் போஷார் என்ற டாக்டர் இருந்தார். பல் வைத்தியத்தை முறைப்படி விளக்கி, 1728-ல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 'நவீன பல் மருத்துவத்தின் தந்தை' என்று அவரைச் சொல்கிறார்கள். சந்தையில் பல் பிடுங்குபவர்களின் மோசடிகளையும் அவர் அந்த நூலில் அம்பலப்படுத்தினார். அந்த ஆண்டில் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில்தான் இருந்தது.

நம் நாட்டில் பல் மருத்துவம் பட்டப் படிப்பாக வளர நெடுங்காலம் ஆயிற்று. 1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ரபியுதீன் அகமது முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948-ல், பல் மருத்துவர் சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டவர்களே தொழில் நடத்தலாம் என்று ஆயிற்று. அதற்கு முன் பட்டம் இல்லாமல் தொழில் செய்து வந்தவர்களுக்குத் தனிப் பதிவேடு வைத்தார்கள். சென்னையில் 1953-ல் அரசுப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி 1990-ல் பிறந்தது. பிறகு அது பட்ட மேற்படிப்பு நிலையமாக வளர்ந்தது.

1948-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2023-ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். பதிவு இல்லாதவர் பல்லைத் தொடக்கூடாது.

முதல் நோயாளி வருவதற்கு முன்பே செலவு!

சாதாரண வைத்தியர் ஒருவர், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டெதாஸ்கோப் வைத்துக்கொண்டு தொழில் தொடங்கிவிடலாம். பல் டாக்டரால் அது முடியாது.

சாய்ந்து நிமிரும் நாற்காலி வேண்டும். அதற்கு விளக்கு, எச்சிலை உறிஞ்சும் குழாய், தண்ணீர் இணைப்பு எல்லாம் வேண்டும். சொத்தையைக் குடைந்து எடுக்கும் கருவிக்கு 'ஏரோட்டர்' என்று பெயர். காற்றின் வேகத்தில் சுழல்வது. அமெரிக்காவில் 1957-ல் விற்பனைக்கு வந்த இந்தக் கருவி, நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் சுற்று சுற்றும்! 'கீ...' என்று கேட்டுப் பலரை நடுங்க வைக்கும் சத்தம் இதனுடையதுதான். இது சுழல வேண்டுமானால் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் வேண்டும்.

எக்ஸ்ரே இயந்திரம் வேண்டும். அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு வேண்டும்.

கருவிகளைச் சுத்தம் செய்ய 'ஆட்டோகிளேவ்' வேண்டும். வீட்டில் இருக்கும் பிரஷர் குக்கருக்கு அண்ணன் என்று இதைச் சொல்லலாம். அழுத்தம் தந்து, 121 டிகிரி சூட்டில், 15 நிமிடத்துக்குக் குறையாமல் நீராவியில் வைத்தால்தான் கிருமிகள் முழுவதும் சாகும். ஒருவர் வாயில் வைத்த கருவி, இந்த அடுப்பில் ஏறி இறங்காமல் அடுத்தவர் வாய்க்குப் போகக்கூடாது.

ரத்தம் பட்ட பஞ்சையும் ஊசியையும் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. 2016-ம் ஆண்டு விதிப்படி நிறம் நிறமான பைகளில் பிரித்து, அதற்கென உள்ள நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு.

இவ்வளவும் முதல் நோயாளி படி ஏறுவதற்கு முன்பே! பெரும்பாலும் இந்தச் செலவு கடனில்தான் நடக்கிறது. படிப்புக்கு வாங்கிய கடன் இருந்தால் அதுவும் தலைமேல் நிற்கும்.

இதோ கணக்கு!

ஒரு சிறிய பல் மருத்துவ நிலையம். ஒரே நாற்காலி. கணக்கு புரிவதற்காக ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்:

வாடகை மாதம் ரூ.15,000.
உதவியாளர் சம்பளம் ரூ.12,000.
கடன் தவணை ரூ.20,000.
மின்சாரம், தண்ணீர், துப்புரவு, கழிவுக் கட்டணம் ரூ.8,000.
கருவி பழுது பார்க்க ரூ.5,000.

கூட்டினால் ரூ.60,000. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் இது போய்க்கொண்டே இருக்கும்.

மாதம் 25 நாள் வேலை. நாளுக்கு ரூ.2,400 ஆகிறது. தினம் 8 மணி நேரமும் நாற்காலியில் ஆள் இருந்தால், மணிக்கு ரூ.300 எடுத்தால் போதும்.

தினம் 2 மணி நேரம்தான் ஆள் இருக்கிறது. மீதி 6 மணி நேரம் நாற்காலி காலி என்றால்? அந்த 2 மணி நேரமே முழுச் செலவையும் சுமக்க வேண்டும். மணிக்கு ரூ.1,200!

டாக்டர் அதே டாக்டர். பல்லும் அதே பல். நாற்காலி காலியாக இருந்த நேரத்துக்கும் சேர்த்து, நாற்காலியில் உட்கார்ந்தவர் கூலி கொடுக்கிறார். இன்னும் டாக்டரின் சொந்த வருமானம் இதில் சேரவில்லை. மருந்து, ஊசி, அடைக்கும் பொருள் எதுவும் சேரவில்லை.

உறைக்குக் கொடுக்கும் பணம்

லாரி டிரைவருக்குச் சொன்ன வேர் சிகிச்சைக்கு வருவோம். பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் குழி இருக்கிறது. அதில் சீழ் பிடித்துவிட்டது. அதைச் சுத்தம் செய்து, காலியான குழியை அடைக்கவேண்டும். கடைவாய்ப் பல்லுக்கு ஒரு வேர் அல்ல. இரண்டு, மூன்று வேர்கள். குழிகள் அதற்கும் மேல். தலைமுடி போன்ற குழியில் மெல்லிய கம்பியை விட்டுச் சுத்தம் செய்வது பொறுமையான வேலை.

அடைக்கும் பொருளுக்கு 'கட்டாபெர்ச்சா' என்று பெயர். மலேயாக் காடுகளில் வளரும் மரத்தின் பால் அது. அந்தக் காலத்தில் கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு இந்தப் பாலைத்தான் மேலுறையாகப் பூசினார்கள். கடல் தண்ணீரைத் தடுத்த பொருள், இப்போது பல்லுக்குள் எச்சில் இறங்காமல் தடுக்கிறது!

கடினமான வேராக இருந்தால், வேர் சிகிச்சைக்கென்று மேற்படிப்புப் படித்த டாக்டரை வரவழைப்பது பல நிலையங்களில் வழக்கம். வாங்கும் பணத்தில் அவருக்கு ஒரு பங்கு.

மேலே போடும் உறையைப் பெரும்பாலும் பல் டாக்டர் செய்வதில்லை. அவர் அளவெடுத்து அனுப்புகிறார். பல் செய்யும் பட்டறை ஒன்றில், தொழில் தெரிந்தவர்கள் அதைச் செய்து அனுப்புகிறார்கள். உறை உலோகமா, பீங்கானா, 'சிர்கோனியா'வா என்பதைப் பொறுத்துப் பட்டறைக் கூலி மாறும். நோயாளி கேட்கும் விலைகளில் இவ்வளவு வேறுபாடு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே டிரைவர் கொடுக்கும் பணம் டாக்டரின் பைக்கு அப்படியே போவதில்லை. வீட்டுக்காரர், கடன் கொடுத்தவர், உதவியாளர், சிறப்பு டாக்டர், பட்டறைக்காரர் எல்லாருக்கும் பிரிகிறது. மீதிதான் டாக்டருக்கு.

நாற்காலி ஏன் காலி?

இந்தியாவில் இன்று 300-க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஆயிரக் கணக்கில் புதிய டாக்டர்கள் வருகிறார்கள். பெரும்பாலோர் நகரத்திலேயே கடை விரிக்கிறார்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று பலகைகள். நோயாளிகள் பிரிந்து போகிறார்கள்.

இன்னொரு காரணம் நேரம். ஆலைத் தொழிலாளி காலையில் வர முடியாது. லீவு போட்டால் கூலி போகும். அதனால் பகலில் ஈ ஓட்டும் நிலையத்தில், மாலை 6 மணிக்கு மேல் கூட்டம் நெரியும்! பல டாக்டர்கள் பகலில் வேறு இடத்தில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் மட்டும் சொந்த நிலையத்தைத் திறப்பது இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் பெரிய காரணம் ஒன்று. வலித்தால்தான் பல் டாக்டர். வலி நின்றால் மறந்துவிடுவது! சொத்தை சிறு புள்ளியாக இருக்கும்போது வலி இல்லை. ஆகவே வருவதில்லை. அரை மணி நேரத்தில் அடைத்திருக்க வேண்டிய ஓட்டை, வேர் வரை போனபின் நான்கு தடவை நாற்காலியில் ஏற வேண்டியதாகிறது.

காலி நாற்காலியின் ஆபத்து

வருமானம் குறைந்த இடத்தில் இரண்டு சபலங்கள் தலைகாட்டும். ஒன்று, செலவைக் குறைக்கச் சுத்தத்தில் கை வைப்பது. மற்றொன்று, வேண்டாத வேலையை நோயாளி தலையில் கட்டுவது. பெரும்பாலான டாக்டர்கள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் நோயாளி விழிப்பாக இருப்பது நல்லது. கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

"டாக்டர், எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குகிறீர்களா?"

"இதை இப்போதே செய்ய வேண்டுமா? கொஞ்சம் பொறுக்கலாமா?"

"வேறு வழி என்ன? பல்லை எடுத்துவிட்டால் பின்னால் என்ன ஆகும்?"

"மொத்தச் செலவு எவ்வளவு? எழுதித் தருகிறீர்களா?"

"கருவிகள் ஆட்டோகிளேவில் வைத்தவைதானே?"

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சுவரில் அவருடைய பதிவுச் சான்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2014-ம் ஆண்டு ஒழுக்க விதிகள், டாக்டர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளைப் பிடிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே பெரிய விளம்பரம் போடுபவர்தான் பெரிய டாக்டர் என்று நினைக்க வேண்டாம்.

பணம் இல்லாதவருக்கு வழி

மேட்டுப்பாளையத்துத் தொழிலாளிக்குத் தனியார் நிலையம் ஒன்றுதான் கதி என்பது இல்லை. கோரிமேடு அதிகத் தொலைவில் இல்லை. அங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தப் பக்கத்திலேயே அரசுப் பல் மருத்துவ நிலையமும் இருக்கிறது.

இ.எஸ்.ஐ. என்பது தர்மம் அல்ல. தொழிலாளி பணம் கட்டிப் பெறும் உரிமை. 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி, சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் தொழிலாளியின் பங்கு. நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய் முதலாளியின் பங்கு. மாதம் ரூ.15,000 வாங்குபவர் கட்டுவது ரூ.112.50. மனைவி, மக்களுக்கும் இதில் வைத்தியம் உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும், பல்லுக்கு இங்கே போகலாம் என்று நினைக்காதவர்கள் பலர்.

அரசுப் பல் ஆஸ்பத்திரியில் பணச் செலவு குறைவு. நேரச் செலவு அதிகம். வரிசையில் நிற்க வேண்டும். மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதால் வேலை மெதுவாக நடக்கும். ஆனால் ஒவ்வொரு படியையும் ஆசிரியர் சரி பார்க்கிறார். கூலியை இழக்கும் நாளையும் கணக்கில் சேர்த்து, எது கட்டும் என்று அவரவர் முடிவு செய்ய வேண்டும். வலி இல்லாத நாளில் போனால், போகும் நாளை நாமே தேர்ந்தெடுக்கலாம். வலி வந்தபின் நாளைத் தேர்ந்தெடுப்பது பல்தான்!

பல்லுக்கு மேல் ஒன்று

முன்கூட்டியே வாயைக் காட்டுவதில் பல்லை விடப் பெரிய லாபமும் உண்டு. புகையிலை போடுபவர் வாயில் வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ வந்தால், அதை முதலில் பார்க்கக் கூடியவர் பல் டாக்டர்.

கேரளத்தில் திருவனந்தபுரம் வட்டாரத்தில் 1996-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதி மக்களின் வாயை, பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவ்வளவுதான். பெரிய கருவி எதுவும் இல்லை. 2005-ல் முடிவு வெளியாயிற்று. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில், வாயைப் பார்த்த பகுதியில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது!

வாயைத் திறந்து காட்டும் அந்த ஐந்து நிமிடம், சிலருக்கு உயிரின் விலை.

இரண்டு பேருக்கும் லாபம்

மேட்டுப்பாளையத்து டிரைவருக்கு இப்போது இரண்டு வழிகள். பல்லைப் பிடுங்கிவிடலாம். செலவு குறைவு. ஆனால் அந்தப் பக்கம் மெல்ல முடியாது. பக்கத்துப் பற்கள் சாயும். பல் கட்ட நினைத்தால் மறுபடி செலவு. அல்லது பல்லைக் காப்பாற்றலாம். அதற்குப் பணமும் நாளும் வேண்டும். எதைச் செய்தாலும் நஷ்டம் அவருக்குத்தான். ஒரு வருஷத்துக்கு முன், அது சிறு ஓட்டையாக இருந்தபோது வந்திருந்தால், அரை மணி நேரத்தில் எழுந்து போயிருப்பார்.

அந்த அரை மணி நேரம் டாக்டருக்கும் லாபம்தான். காலியாகக் கிடந்த பகல் நேரம் நிரம்பியிருக்கும். இப்படிப் பத்துப் பேர் முன்கூட்டியே வந்தால், ஒருவர் தலையில் முழுச் செலவையும் ஏற்ற வேண்டிய அவசியம் டாக்டருக்கு இல்லை.

பாண்டு வாத்தியமும் பல் மாலையும் இல்லாமல் நாற்காலியை நிரப்ப வழி உண்டு. அந்த வழி டாக்டர் கையில் இல்லை. வலி வருவதற்கு முன் வந்து உட்காரும் நோயாளியின் கையில் இருக்கிறது.